எஞ்சிய கைக்குறி

இயந்திரம் பொய் சொல்லாது என்று ஆறு மாதமாக நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த மேசைக்கு முன்னால் நின்று அழுதவர்களிடம், கத்தியவர்களிடம், தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர்களிடம், எல்லோரிடமும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறேன். உங்கள் கை அங்கே பட்டிருக்கிறது, நீங்கள் மறந்திருக்கலாம், செடி மறக்காது என்று. இப்போது எனக்கு அதை யார் சொல்வார்கள்?

எழிலரசி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மாதிரி எண் 7114. எடுத்த இடம்: குறுக்கோடை, மேல்கரை. செடியின் வயது: பதினாறு மாதம். கிளையை ஒடித்த கை: அங்கவை, தாயின் பெயர் எழிலரசி, இரண்டாம் தெரு, தேன்வரை.

அங்கவை இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாதிரியை எடுத்துக் கழுவி மறுபடி வைத்தாள். நாற்பது நொடி கழித்து அதே பெயர். மூன்றாம் முறை வைத்தபோது தன் கை நடுங்காமல் இருப்பதைக் கவனித்தாள். அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

தேன்வரை மலையில் இப்போது யாரும் எந்தச் செடியிலிருந்தும் கிளை ஒடிப்பதில்லை. குழந்தைகள்கூட இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பூவை முகர்கிறார்கள். எல்லாம் ஒரு செடியால் வந்தது. சமவெளியில் ஒரு நாற்றங்கால் அதை நீலச்சுடர் என்ற பெயரில் உருவாக்கி அனுப்பியது. இடுப்பளவு உயரம், ஆண்டு முழுவதும் கொத்துக் கொத்தாக நீலப் பூ. விதை வைக்காது, ஆகவே பரவாது என்று அட்டையில் எழுதியிருந்தது. உண்மைதான், அது விதை வைக்கவில்லை. ஆனால் கொலுவுக்கும் வளைகாப்புக்கும் வந்த பெண்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணியோடு இந்தச் செடியின் ஒரு கிளையையும் பையில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் மலையில் தொடங்கியது. தாம்பூலத்தில் வந்ததை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. செடியின் பெயரே தாம்பூலச்செடி ஆயிற்று. வீட்டில் இடமில்லாதவர்கள் கொல்லைக்குப் பின்னால் சரிவில் வீசினார்கள். மூடுபனியில் வீசியதெல்லாம் வேர் விட்டது. பத்தாண்டுகளில் புல்வெளிகள் போயின. ஊற்றுக்கண்களில் வேர் இறங்கி ஓடைகள் மெலிந்தன. மேய இடமற்ற காட்டெருமைகள் பேருந்து நிலையத்தில் வந்து நின்றன.

அப்போது வந்ததுதான் தழும்புமானி. தாம்பூலச்செடியை ஒடித்தால் காயத்தில் ஒரு பிசின் ஊறி ஒரு நிமிடத்தில் கல்லாக இறுகும். ஒடித்த விரலிலிருந்து உதிர்ந்த தோலின் துகள்களும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். கிளை மண்ணில் பிடித்துப் பெரிய செடியாக வளர்ந்தாலும் அடித்தண்டில் அந்தத் தழும்பு அப்படியே இருக்கும். இயந்திரம் அந்தத் துகள்களைப் படித்து யாருடைய கை என்று சொல்லும். மரத்தின் வளையம்போலத் தழும்பின் மேல் படியும் அடுக்குகளை எண்ணி எந்த வாரம் ஒடிக்கப்பட்டது என்றும் சொல்லும். மலையில் வாழும் ஒவ்வொருவரும் தம் கைக்குறியைப் பதிவு செய்திருந்தார்கள். மூன்று செடிகளில் ஒரே கைக்குறி இருந்தால் மலைத்தடை. அந்த ஆள் ஐந்தாண்டுகள் மலையேற முடியாது. இறந்தவர்களின் குறிகளை மட்டும் பதிவேட்டிலிருந்து எடுப்பதில்லை. ஆளைவிடச் செடிக்கு ஆயுள் அதிகம்.

மாதிரிகளைத் தொடுவது செடிக்காப்பு வாரியத்தின் பணியாளர்கள் என்பதால் அவர்களுடைய குறி எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். அதனால் இயந்திரத்துக்குள் ஒரு நீக்கல் பட்டியல் உண்டு. முதலில் பணியாளர்களின் குறிகளைக் கழித்துவிட்டு, மீதி இருப்பதைத்தான் அது சொல்லும். எழிலரசி முன்பு நான்காண்டுகளுக்கு மேல் செடி பிடுங்கும் குழுவில் இருந்தவள். முழங்கால் தேய்ந்த பிறகு இந்த மேசைக்கு மாற்றினார்கள்.

கதவு திறந்தது. பிலோமினா இரண்டு டம்ளர் தேநீரோடு வந்தாள். நான்காம் குழுவின் தலைவி. எழிலரசியைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவள் உள்ளே வருவதற்குள் எழிலரசி திரையை அணைத்துவிட்டாள்.

பிலோமினாவின் மகன் ஆல்வின் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய் இரண்டரை ஆண்டு ஆகிறது. அடுத்த மாதம் விடுப்பில் வருவதாக இருந்தான். போன வாரம் அவன் பெயருக்கு மலைத்தடை அறிவிப்பு வந்திருந்தது. மூன்று செடிகள், மூன்றிலும் அவன் குறி.

"உன் மிஷினுக்கு என் மவன் மேல என்னடி கோவம்?" என்றாள் பிலோமினா. "நடுக்கடல்ல நிக்கிறான். அங்கேருந்து கைய நீட்டி ஒடிச்சானாமா?"

எழிலரசி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"என்ன, பதில் வரல? செடி மறக்காதுன்னு ரெடியா வச்சிருப்பியே."

"கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடி எதுவும் நட்டு வச்சானாக்கா?"

"அவனா? பல்லு விளக்கவே நாந்தான் தண்ணி எடுத்து வைக்கணும். அவன் செடி நட்டுட்டாலும்."

பிலோமினா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். தேநீர் ஆடை படிந்து ஆறும்வரை எழிலரசி அதைக் குடிக்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் பதினெட்டாம் வளைவில் பேருந்து சரிந்தது. மூன்று பேரின் உடல் கிடைக்கவில்லை. அங்கவை அந்த மூவரில் ஒருத்தி, பத்தொன்பது வயது. ஓராண்டு கழித்து அரசு சான்றிதழ் கொடுத்தது. கணவர் தயாளன் படத்தை வைத்துக் காரியம் செய்துவிட்டுத் தேனியில் தம்பி வீட்டோடு போய்விட்டார். உடல் கிடைக்காதவர்களின் வீட்டார் சோதிடரிடமும் சாமியாடிகளிடமும் அலைந்தபோது எழிலரசி போகவில்லை. மலையைத் தெரிந்தவள் அவள். அந்தப் பள்ளத்திலிருந்து யாரும் எழுந்து வரமுடியாது என்று அவளே மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். தனக்குள் நம்பிக்கையின் துளிகூட இல்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஒரு நாற்பது நொடியில் அது பொய் என்று தெரிந்துவிட்டது. நம்பிக்கை எங்கேயும் போகவில்லை. சத்தம் போடாமல் உள்ளே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் பதிவேட்டில் மகளின் பெயரைத் தட்டித் தேடினாள். அவள் இந்த மேசைக்கு வருவதற்கு முன் வேறு ஆட்கள் படித்த மாதிரிகள் எல்லாம் அதில் இருந்தன. இறந்தவர்களின் பெயரில் வரும் செடிகளுக்கு அறிவிப்பு எதுவும் போகாது என்பதால் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. இன்று வந்ததையும் சேர்த்து மொத்தம் நாற்பத்து மூன்று செடிகள். பழையது மூன்றரை ஆண்டுக்கு முந்தியது. எல்லாமே பேருந்து சரிந்த பிறகு ஒடிக்கப்பட்டவை.

நாற்பத்து மூன்று புள்ளிகளும் வரைபடத்தில் எரிந்தன. ஒவ்வோர் இடத்தையும் எழிலரசிக்குத் தெரியும். எல்லாம் அவள் குழுவோடு போய்ச் செடி பிடுங்கிய இடங்கள்.

நான் பிடுங்கிய இடத்திலெல்லாம் அவள் நட்டிருக்கிறாள் என்று நினைத்தாள்.

அந்த நினைப்போடு கடைசி நாளும் நினைவுக்கு வந்தது. பேருந்து ஏறிய அன்று காலை இருவருக்கும் சண்டை. கிளை கொடுக்கக் கூடாது என்று தடை வந்த பிறகும் அங்கவை ஒரு தோழியின் வளைகாப்புக்குப் போய், தாம்பூலத்தில் வந்த கிளையைப் பையிலேயே வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். நான் ஊரெல்லாம் பிடுங்குகிறேன், நீ வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறாயா என்று எழிலரசி அந்தக் கிளையை அடுப்பில் போட்டாள். ஒரு கிளைக்கு இவ்வளவு பேச்சா என்று மட்டும் மகள் கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் சாப்பிடவில்லை என்பது மதியம்தான் எழிலரசிக்கு நினைவு வந்தது.

இப்போது அவளுக்கு எல்லாம் பொருந்தியது. எப்படியோ பிழைத்திருக்கிறாள். அம்மாவின் முகத்தில் விழிக்க மனமில்லாமல், அம்மா போகும் இடமெல்லாம் பின்னாலேயே வந்து, அம்மா வெறுத்ததை நட்டுவிட்டுப் போகிறாள். பைத்தியக்காரத்தனம் என்று ஒரு மனம் சொன்னது. அப்படித்தான் செய்வாள், பிடிவாதக்காரி என்று இன்னொரு மனம் மகிழ்ந்தது. கோபத்தோடாவது இருக்கட்டும்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு குறுக்கோடைக்குப் போனாள். பையில் அங்கவையின் பழைய கம்பளிச் சட்டை இருந்தது. ஏன் எடுத்தோம் என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். குளிருமே என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. மேல்கரையில் அந்தச் செடி இடுப்பளவு வளர்ந்து பூத்திருந்தது. சுற்றி எங்கும் காலடி இல்லை, அடுப்புக் கல் இல்லை, ஒதுங்கியிருந்த தடம் இல்லை. ஒருமுறை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான்கு ஆண்டுகளாக உரக்கச் சொல்லாத பெயர் அது. மூங்கில் புதரடியில் படுத்திருந்த காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோடத் தொடங்கியது.

இன்னும் இரண்டு நாள் இரண்டு இடங்களுக்குப் போனாள். அங்கும் ஒன்றுமில்லை. படித்த மாதிரியை மூன்று நாளைக்குள் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்பது விதி. முதல்முறையாக அவள் அதை ஏற்றவில்லை. தயாளனுக்குச் சொல்லலாமா என்று தொலைபேசியை எடுத்தாள். அவர் குரலைக் கேட்டதும் மழை எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் அலமாரியிலிருந்து தன் பழைய பணிக்குறிப்பேட்டை எடுத்தாள். மகள் தனக்கு எத்தனை நாள் பின்னால் வந்தாள் என்று பார்க்கத்தான். ஒரு வாரம் பின்னாலா, ஒரு மாதமா? எவ்வளவு நெருக்கத்தில் இருந்திருக்கிறாள்?

குறுக்கோடை, சித்திரை மூன்றாம் வாரம். இயந்திரம் சொன்னதும் சித்திரை மூன்றாம் வாரம்.

அடுத்தது, அதே வாரம். அதற்கடுத்ததும். நாற்பத்து மூன்றையும் பென்சிலால் டிக் செய்துகொண்டே போனாள். ஒன்றுகூட முன்பின் இல்லை. எழிலரசி காய்ச்சலில் படுத்திருந்த மூன்று வாரங்களில் அங்கவையும் எதையும் நடவில்லை. எழிலரசி இந்த மேசைக்கு மாறிய நாளிலிருந்து அங்கவையும் நிறுத்திவிட்டாள்.

பென்சிலைக் கீழே வைத்தாள். அறையில் யாரோ தன் பின்னால் நிற்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு, எதையும் முடிவு செய்யாமலே, மாதிரி எடுக்கும் பட்டையைப் பிரித்துத் தன் வலது உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்து இயந்திரத்தில் வைத்தாள்.

பணியாளரின் கையை வைத்தால் அந்தக் குறியை நீக்கிவிட்டுக் 'கை இல்லை' என்று சொல்லவேண்டும். ஐந்தாண்டுக்கு முன் பணியில் சேர்ந்த முதல் நாள் எல்லோரும் விளையாட்டாகச் செய்து பார்த்ததுதான். அந்தக் காலத்து இயந்திரம் தடித்த குறியைத்தான் படிக்கும். நான்கு ஆண்டுக்கு முன் வந்த இப்போதைய இயந்திரம் ஐந்தாறு துகள் இருந்தாலே போதும் என்கிற ரகம். அதில் யாரும் தன் கையை வைத்துப் பார்த்ததில்லை.

நாற்பது நொடி.

பணியாளர் நீக்கப்பட்டார். எஞ்சியது: அங்கவை.

அவள் தன் கையைப் பார்த்தாள். மேசையின் மேல் அது வேறு யாருடையதோபோலக் கிடந்தது. மண் ஏறிய நகங்கள், கட்டைவிரலில் பழைய வெட்டு. இடது கையால் அதைத் தொடுவதற்கு அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

நலவாழ்வு நிலையத்தில் மருத்துவர் ஷம்ஷாத் இதைக் கேட்டு வியப்படையவில்லை. எழிலரசியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே, இது வெகுநாளாகத் தெரிந்த விஷயம் என்று விளக்கினார். கருவில் இருக்கும் குழந்தையின் உயிரணுக்கள் சில இரத்தத்தின் வழியாகத் தாய்க்குள் வந்துவிடும். பிள்ளை பிறந்த பிறகும் அவை திரும்பிப் போவதில்லை. ஈரலில், இதயத்தில், தோலில் எங்கேயாவது தங்கிப் பெருகும். லட்சத்தில் ஒன்று, இரண்டுதான். தாயின் குறி பெரிதாக இருக்கும்போது அவை கண்ணுக்குத் தெரியாது. உங்கள் இயந்திரம் தாயை முழுக்கக் கழித்துவிட்டுத் தேடுகிறது, அதனால் பிள்ளை தெரிகிறது என்றார். பட்டையை அவிழ்த்து மடித்து வைத்தார்.

எழிலரசி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எவ்வளவு நாளைக்கு இருக்கும் டாக்டர்?"

"நீங்க இருக்கிற வரைக்கும் இருக்கும்மா."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். மூன்று நாளாக மலையெல்லாம் தேடிய பெண் உயிரோடு இல்லை. பேருந்து சரிந்த அன்றைக்கு அழாத அழுகை இப்போது வந்தது. அழுதுகொண்டே முகத்தைத் துடைத்தபோது, துடைத்த கை நினைவுக்கு வந்து துடைப்பதை நிறுத்தினாள்.

அழுகை அடங்கிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. பிசினில் இருப்பது தன் கையின் தோல் என்றால், ஒடித்தது தான்தான். ஆனால் நான்காண்டு முழுக்க அவள் பிடுங்கினாளே தவிர ஒரு செடிகூட நட்டதில்லை.

பிலோமினாவை இயந்திரத்தின் முன் உட்கார வைத்துக் கையைத் தேய்த்து வைத்தபோது, எஞ்சியது ஆல்வின் என்று வந்தது. எழிலரசி மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். பிலோமினா முதலில் சிரித்தாள்.

"கப்பல்ல இருக்கான்னு நான் கண்டவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேன். இங்கதான் இருக்கானா?"

பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப ஒடிச்சது நான்னா, நான் எங்கடி நட்டேன்?"

அதைப் பார்க்கத்தான் இருவரும் குறுக்கோடைக்குப் போனார்கள். எழிலரசி அன்று செடியையும் ஆள் தடத்தையும் தவிர வேறெதையும் பார்த்திருக்கவில்லை. பிலோமினா செடியைப் பார்க்கவேயில்லை. அதற்குப் பக்கத்தில் வெந்து கறுத்துப்போய் இன்னும் புல் முளைக்காமல் இருந்த ஒரு குழியைப் பார்த்தாள். குழிக்கும் செடிக்கும் நடுவில் முழங்கையை வைத்து அளந்தாள். சரியாக ஒரு முழம்.

"எழிலு, இது நம்ம குச்சி," என்றாள்.

செடி பிடுங்கும் வேலை இப்படித்தான் நடக்கும். கையுறையோடு இழுத்தால் நுனிவேர் பிடிபடாது, அறுந்துவிடும் என்று எல்லோரும் வெறுங்கையால்தான் பிடுங்குவார்கள். பிடுங்கிய குழியில் கொதிநீராவி விட்டு மிச்ச வேரை அவிக்க, மாலையில் ஒரு வண்டி பின்னால் வரும். மூடுபனியில் ஓட்டுநருக்குக் குழி தெரியவேண்டும். அதற்காக, பிடுங்கிய செடியிலிருந்தே ஒரு குச்சியை ஒடித்து, இலையை உருவி, காவிநிறத் தாள் நாடாவைக் கட்டிக் குழியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஊன்றுவார்கள். நீராவி பட்டு நாடா நனையக்கூடாது என்றுதான் அந்த ஒரு முழம். இலையில்லாத குச்சி மூன்று நாள் வெயிலில் செத்துப்போகும் என்று பயிற்சிக் கையேட்டில் இருந்தது. கையேட்டைச் சமவெளியில் எழுதியிருந்தார்கள். தேன்வரையில் மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்ததை இருவரும் பார்த்ததில்லை. மலையில் நெகிழி கூடாது என்பதால் தாள் நாடா முதல் மழையிலேயே கரைந்துவிடும். மறு ஆண்டு வேறு குழு வந்து பார்க்கும்போது சுத்தம் செய்த இடத்தில் புதுச் செடி நிற்கும். ஊர்க்காரர்கள் வேண்டுமென்றே மறுபடி நடுகிறார்கள் என்று பேசிக்கொள்வார்கள். எழிலரசியும் பேசியிருக்கிறாள்.

ஒரு ஆள் ஒரு நாளைக்கு முப்பது குச்சி. குழுவில் பன்னிரண்டு பேர். ஐந்து குழுக்கள். ஐந்து ஆண்டுகள்.

பிலோமினா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிர்ச் சரிவு முழுவதும் நீலமாக இருந்தது. மூன்று ஆண்டுக்கு முன் அந்தச் சரிவைச் சுத்தம் செய்து முடித்த அன்று குழுவுக்குப் பாயசம் வைத்தது பிலோமினாதான். இப்போது அந்த நீலத்தில் ஒரு சீரான இடைவெளி இருப்பது தெரிந்தது. தோட்டக்காரர் நட்டதுபோல.

மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு இயந்திரம் 'கை இல்லை' என்றே சொல்லும். பதிவேட்டில் இல்லாத யாரோ வெளியூர்ச் சுற்றுலாக்காரர்கள் என்று வாரியம் முடிவு செய்து சோதனைச்சாவடியில் பைகளைக் குடைந்துகொண்டிருந்தது. இப்போது எழிலரசி அவற்றைத் திரும்பப் பார்த்தாள். குறியே இல்லாத பிசின். ஆண்களும் பிள்ளை பெறாதவர்களும் ஊன்றிய குச்சிகள். கழித்த பிறகு மிஞ்சுவதற்கு அவர்களுக்குள் யாரும் இல்லை. ஆறு மாதத்தில் தன் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். நாத்தனாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, கோயில் வாசலில் பூ விற்பவளுக்கு ஒன்று என்று கிளை கொடுத்ததற்காக மலையிறங்கியவர்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன ஒரு பள்ளி ஆசிரியை. செடி மறக்காது என்று அவளிடமும் சொன்னாள்.

எல்லாவற்றையும் எழுதி மண்டல அலுவலர் இளங்குமரனிடம் கொடுத்தாள். அவர் கெட்டவர் இல்லை. படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதை எழிலரசி பார்த்தாள். அந்த அதிர்ச்சியில் இருவரும் ஒரு கணம் சமமாக இருந்தார்கள். மறுநாள் முதல் இரும்புக் கம்பியைத்தான் ஊன்ற வேண்டும் என்று காரணம் சொல்லாமல் ஒரு சுற்றறிக்கை வந்தது.

மூன்று நாள் கழித்து அவளை அழைத்தார். அதற்குள் அவர் தேறியிருந்தார். மேசை மேல் ஒப்புதல் பலகை இருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் கையெழுத்து.

வாரியத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் பதினான்கு பேர். அவர்களுடைய பிள்ளைகளின் குறிகளையும் நீக்கல் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று விளக்கினார். அதற்குத் தாய்மார் அனைவரின் ஒப்புதலும் வேண்டும். பதின்மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள். பட்டியலை அவள் பக்கம் திருப்பினார். நான்காவதாகப் பிலோமினாவின் பெயர் இருந்தது. எழிலரசிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. மகன் கப்பலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறென்ன வேண்டும்.

"நீங்க வச்சிட்டா வெள்ளிக்கிழமை ஆல்வின் மலையேறிடலாம்," என்றார் இளங்குமரன்.

"அவன் கடல்ல இருந்தான்னு கப்பல்காரங்ககிட்ட கேட்டாலே தெரியும் சார். அதுக்கு என் கை எதுக்கு?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கவை பேர்ல நாப்பத்திமூணு கிடக்கும்மா. இல்லாத பிள்ளை பேரு அதுல எதுக்கு? எடுத்துட்டா சுத்தமா இருக்கும். உங்களுக்கும் மனசு ஆறும்."

அவர் அதை இரக்கத்தோடுதான் சொன்னார். அதனால்தான் அவளால் அதைத் தாங்க முடியவில்லை. ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு ஒருவரையும் செடி பிடுங்க விடமாட்டார்கள், மலைத்தடை பெற்ற எழுநூறு குடும்பமும் வாசலில் வந்து நிற்கும், பிறகு இந்த மலையை யார் காப்பாற்றுவது என்றெல்லாம் அவர் தொடர்ந்து பேசினார். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"பட்டியல்ல சேத்த பிறகு என் கையை இயந்திரத்துல வச்சா என்ன சொல்லும் சார்?"

"ஒண்ணும் சொல்லாது. கை இல்லைன்னு சொல்லும்."

எழிலரசி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். நாற்பத்து மூன்று இடங்களையும் வாரங்களையும் வரிசையாக எழுதி, இவற்றை ஒடித்து ஊன்றியது நான் என்று கீழே தன் பெயரை எழுதியிருந்தாள். இதைப் பதிவேட்டில் ஏற்றும்படியும், ஊர் மன்றத்தில் படிக்கும்படியும் கேட்டிருந்தாள்.

அவர் படித்தார். "மூணு ஆனாலே மலைத்தடை. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"எங்க போவீங்க?"

அவள் தோளை லேசாக அசைத்தாள். அவர் தாளை மடித்து ஓரமாக வைத்தார். இதைப் பிறகு பேசலாம், முதலில் இதை முடித்துவிடுங்கள் என்று ஒப்புதல் பலகையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார். பலகையின் நடுவில் ஒரு கையின் வடிவம் மெல்லிய வெளிச்சத்தில் காத்திருந்தது.

"அவ பேரு இருக்கட்டும் சார்," என்றாள் எழிலரசி.

மடியில் கிடந்த வலது கையின் மேல் இடது கையை வைத்து மூடிக்கொண்டாள். அவர் இன்னொரு முறை கேட்டார். அவள் கையை எடுக்கவில்லை.